கடிகாரத்தின் வீழ்ச்சி

பள்ளிக்கூடத்து முன்கூடத்தில் கடிகாரம் இல்லை. அது மாட்டியிருந்த இடத்தில் நிலா மாதிரி வட்டமாக வெளுத்த தடம் ஒன்றும், அதற்கு மேலே ஆணி ஒன்றும்தான் இருந்தன. கீழே தரை முழுக்கக் கண்ணாடிச் சில்லு.

திங்கட்கிழமைக் காலையில் அந்தச் சில்லுகளைச் சுற்றி ஆசிரியர்கள் துக்கம் கேட்க வந்தவர்களைப் போல நின்றார்கள். அது தாளாளருடைய அப்பா வாங்கிக் கொடுத்த கடிகாரம். தாளாளர் அன்று மதியம் பள்ளியைப் பார்வையிட வருவதாக இருந்தார். "கடிகாரம் விழுந்து உடைஞ்சு போச்சே" என்று யாரோ முதலில் சொன்னார்கள். யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற அட்டெண்டர் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

தலைமையாசிரியை வரலாற்று ஆசிரியரை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

வரலாற்று ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் காரணம் சார். எதற்கும் காரணம் சொல்லாமல் அவரால் நகர முடியாது. வீட்டில் பால் பொங்கி வழிந்தால் அவர் மனைவி வாயைத் திறக்காமல் அடுப்பைத் துடைத்துவிடுவார். 'எப்படி வழிஞ்சுது' என்று தப்பித் தவறிக் கேட்டுவிட்டால், மனிதன் மாட்டைப் பழக்கிய காலத்திலிருந்து அவர் ஆரம்பித்துவிடுவார். பால் ஆறிவிடும், அவர் ஆறமாட்டார்.

"தாளாளர் பத்தாம் வகுப்புல வரலாற்றுப் பாடவேளையைப் பாதியாக் குறைக்கச் சொல்றார்" என்றார் தலைமையாசிரியை. "செத்துப்போன ராஜாக்களைத் தெரிஞ்சு யாருக்கு என்ன லாபம்னு கேக்கிறார். எனக்கும் பதில் சொல்லத் தெரியல. கடிகாரம் ஏன் விழுந்துச்சுன்னு நீங்க கண்டுபிடிச்சுக் கொடுங்க. வரலாறு படிச்சதாலதான் கண்டுபிடிச்சார்னு நானே அவர்கிட்ட எடுத்துச் சொல்றேன்."

பாதியாகக் குறைத்தால் எது போகும் என்று காரணம் சாருக்குத் தெரியும். ரோமாபுரி விழுந்த மறுநாளே நீராவி இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும். நடுவில் இருக்கிற இடைக்காலம் முழுவதும், சிலுவைப் போர், கொள்ளைநோய், மங்கோலியர் எல்லாம், பிறக்காமலே போய்விடும்.

அவர் முன்கூடத்துக் கரும்பலகையில் இருந்த பொன்மொழியை அழித்துவிட்டு மூன்று பெட்டிகள் வரைந்தார். இடப்பக்கம் காரணங்கள், வலப்பக்கம் விளைவுகள். நடுப்பெட்டியில் 'கடிகாரத்தின் வீழ்ச்சி' என்று எழுதி அடிக்கோடிட்டார். அந்தப் பெட்டியில் அவருக்குச் சந்தேகமே இல்லை. விசாரிக்க வேண்டியது மற்ற இரண்டையும்தான்.

முதலில் அட்டெண்டரை அழைத்தார். நேரில் பார்த்தவர் சொல்வதுதான் முதன்மைச் சான்று என்று அவருக்குப் புரியவைத்துவிட்டு, விழுந்ததைப் பார்த்தாரா என்று கேட்டார்.

அட்டெண்டர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "பாத்தேன் சார்."

"எப்படி விழுந்துச்சு?"

"மேலேர்ந்து கீழ விழுந்துச்சு சார்."

அதைக் காரணம் சார் பலகையில் எழுதிக்கொண்டார். மிச்சக் கடிகாரம் எங்கே என்று கேட்டதற்கு, முள், சக்கரம் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டதாகவும், கண்ணாடியை அள்ளுவதற்குள் எல்லோரும் வந்துவிட்டதாகவும் அட்டெண்டர் சொன்னார். யார்மேலாவது சந்தேகம் உண்டா என்றதும் அவர் திருதிருவென்று விழித்தார். அந்த நேரம் பார்த்து வெளியே மைதானத்தில் விசில் ஊதியது.

"சனிக்கிழமை விசில் சார் இங்கதான் பந்து தட்டிக்கிட்டிருந்தார்" என்றார் அட்டெண்டர்.

விசில் சார் என்றால் உடற்பயிற்சி ஆசிரியர். ஆள் பீரோ மாதிரி இருப்பார். மனசு மட்டும் பஞ்சு. கேட்டவுடனே ஒப்புக்கொண்டார். பந்து சுவரில் பட்டது உண்மைதான். அப்போதே ஆணி கொஞ்சம் ஆடியதோ என்று இரண்டு நாளாக அவருக்கும் உறுத்துகிறதாம்.

வேறு யாராக இருந்தாலும் விசாரணையை அத்தோடு முடித்திருப்பார்கள். காரணம் சார் முடிக்கவில்லை. பந்து வெறும் உடனடிக் காரணம், தீப்பொறி. வைக்கோல் எங்கேயிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா? மைதானத்தை விட்டுவிட்டு ஏன் கூடத்தில் பந்து தட்டினார் என்று கேட்டார். மைதானம் சேறாகக் கிடந்ததாம். ஏன் சேறு? தொட்டி வழிந்ததாம். மோட்டாரை அணைக்க வேண்டியது யார்? கணக்கு டீச்சர்.

கணக்கு டீச்சர் கையிலிருந்த சாக்குக்கட்டியை மேசைமேல் வைத்தார். "மோட்டார் பொறுப்பு என்னோடதுதான். சனிக்கிழமை என் பாடவேளையை நீங்க கடன் வாங்கிட்டீங்க. மங்கோலியர் இன்னும் பாக்தாத் வந்து சேரல, பாதி வழியில நிக்கிறாங்கன்னு சொன்னீங்க. அந்த ஆத்திரத்துல மோட்டாரை மறந்துட்டேன்."

காரணம் சார் பலகைக்குப் போய் மோட்டாரிலிருந்து மங்கோலியருக்கு ஓர் அம்புக்குறி போட்டார். மங்கோலியரிடமிருந்து தன் பெயருக்கு இன்னொன்று போட வேண்டியிருந்தது. தொலைதூரக் காரணங்களைச் சேர்த்தால் மாணவர்கள் குழம்புவார்கள் என்று முடிவு செய்து, மங்கோலியரைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். பாக்தாதே செய்ய முடியாததை ஒரு கைக்குட்டை செய்தது.

ஆனால் கணக்கு டீச்சர் பெயர் பலகையில் தங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார். பந்தடித்தவர் நல்லவர், தண்ணீர் விட்டவள் குற்றவாளியா என்று கேட்டார். இருவருக்கும் நியாயம் செய்வதாக நினைத்து, காரணம் சார் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் அப்படியே ஒப்பித்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. முதல் இடைவேளைக்குள் ஆசிரியர் அறை இரண்டாகப் பிரிந்தது. புத்தக அலமாரியை இழுத்து நடுவில் மதில் மாதிரி நிறுத்தினார்கள். சன்னல் பக்கம் விசில் சார் கட்சி, கதவுப் பக்கம் கணக்கு டீச்சர் கட்சி.

அதன் பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. டீக்கெட்டில் கணக்கு டீச்சர் கட்சியிடம் இருந்தது. சர்க்கரை டப்பா விசில் சார் கட்சியிடம் சிக்கிக்கொண்டது.

இரண்டு பக்கமும் போக முடிந்தவர் அட்டெண்டர் ஒருவர்தான். சர்க்கரையை மதிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டுமென்றால் தாழ்வாரத்தில் தனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்றார் அவர். உடனே கொடுத்தார்கள். காரணம் சாருக்கு ஒரே பரவசம். கொள்ளைநோய்க்குப் பிறகு நடந்ததும் இதுதான் என்று அட்டெண்டரிடமே விளக்கினார். வேலை செய்ய ஆள் குறைந்தது, மிஞ்சியவர்கள் வைத்ததே கூலி, பண்ணையார்கள் வாயடைத்துப் போனார்கள். அட்டெண்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் நாற்காலிக்கு ஒரு மெத்தையும் வேண்டும் என்றார்.

விசில் சார் மானஸ்தர். மெத்தை கொடுத்து டீ குடிக்க மாட்டேன் என்றார். சன்னல் வழியாக வெளியே இறங்கி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய், சமையலறைப் பின்வாசலில் நேராக டீ வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார். கம்பி இல்லாத பழைய மரச் சன்னல். தலையும் தோளும் போய்விட்டன. இடுப்பு போகவில்லை.

தாழ்வாரத்தில் பத்தாம் வகுப்பு கூடிவிட்டது. காரணம் சார் அவர்களைக் கலைக்கவில்லை. கான்ஸ்டான்டிநோபிள் விழுந்த பிறகு பழைய வாணிப வழிகளில் தொல்லை கூடியதையும், மிளகுக்காக மேற்கே இருந்தவர்கள் புதிய வழி தேடிக் கடலில் இறங்கியதையும், அலமாரி இடுக்கில் தெரிந்த விசில் சாரின் கால்களைச் சுட்டிக்காட்டி நடத்தினார். பிள்ளைகள் மும்முரமாகக் குறிப்பெடுத்தார்கள். "சார், இது பரீட்சையில வருமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

பிறகு நாலைந்து பேர் சேர்ந்து வெளியேயிருந்து இழுத்தார்கள். விசில் சார் வந்தார். சன்னலும் கூடவே வந்தது. சுவரில் ஓட்டை விழுந்தது. விசில் சார் இடுப்பில் மரச்சட்டத்தை ஒட்டியாணம் மாதிரி மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றார். தச்சருக்குச் சொல்லியனுப்பினார்கள். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் பதில் சொல்லியனுப்பினார்.

தலைமையாசிரியை வந்து பார்த்தார். காலையில் ஒரு கடிகாரம்தான் இல்லை. இப்போது சன்னல் இல்லை, டீ இல்லை, ஆசிரியர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. "விசாரிக்கச் சொன்னேன், படையெடுக்கச் சொல்லல" என்று மட்டும் காரணம் சாரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலை உயர்த்தாததுதான் பயமாக இருந்தது.

காரணம் சார் இரண்டு கட்சியையும் முன்கூடத்துக்கு அழைத்தார். நியாயம் பேச வந்தவர், பலகையைப் பார்த்ததும் வேறு எதையோ பேசினார்.

"யார் மேல தப்புன்னு எனக்கு இனிமே வேண்டாம்" என்றார். "கொள்ளைநோய் வந்த ஊர்ல ஒருத்தன் பக்கத்து வீட்டுக்காரனைப் புதைச்சிட்டு, மறுநாள் அவன் மாட்டுக்கும் சேத்துத் தண்ணி காட்டியிருப்பான். அவன் பேரு யாருக்கும் தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை இந்தப் பள்ளிக்கூடத்துல நான் ஒருத்தன்தான் அவனைப் பத்திப் பேசுறேன். இன்னிக்குத் தாளாளர் பாதியை வெட்டிட்டா அதுவும் நின்னு போயிடும்."

முதலில் மூக்கை உறிஞ்சியது விசில் சார்தான். கடிகாரம் தன்னால்தான் விழுந்தது, முழுப் பழியும் தனக்கே என்றார். கணக்கு டீச்சர் அதை ஏற்கவில்லை. பாதியாவது தனக்கு வேண்டும், எதையும் சரியாக வகுக்காமல் விட்டுப் பழக்கமில்லை என்றார். சன்னல் சட்டம் இடிக்க இடிக்க இருவரும் கைகுலுக்கினார்கள். அட்டெண்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். புது மெத்தையைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

தாளாளர் தலைமையாசிரியையோடு முன்கூடத்துக்கு வந்தபோது பலகை தயாராக இருந்தது. தொட்டி, சேறு, பந்து, ஆணி, வீழ்ச்சி என்று அம்புக்குறிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடின. வலப்பக்கத்தில் பிளவு, வாணிபத் தடை, கூலி உயர்வு, புதிய வழி, சமாதானம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இடைக்காலத்திலிருந்து ஓர் உதாரணம். குற்றவாளிகள் இருவரும் தாமாகவே முன்வந்து ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் சன்னலோடு வந்து ஒப்புக்கொண்டார். நேரில் பார்த்த சாட்சியும் இருந்தார்.

தாளாளர் பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றார். அப்பாவின் கடிகாரம் போனது வருத்தம்தான். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தில் உண்மையை இவ்வளவு தெளிவாக இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து அவர் பார்த்ததில்லை.

"செத்துப்போன ராஜாக்கள்னு நினைச்சிட்டேன்" என்றார். "இப்படி யோசிக்கக் கத்துக் கொடுக்கிற பாடமா இது? ஒரு பாடவேளைகூடக் குறைக்க வேண்டாம். இன்னும் ரெண்டு சேத்துக்குங்க."

காரணம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இடைக்காலத்தின் பத்து நூற்றாண்டு மனிதர்களும் தன் பின்னால் நின்று கைதட்டுவதுபோல் இருந்தது.

அப்போது முன்வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். கையில் துணி சுற்றிய பெரிய வட்டமான பொருள் இருந்தது. கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "சனிக்கிழமை சாயங்காலம் எண்ணெய் போட எடுத்துட்டுப் போனதுங்க" என்று துணியை அவிழ்த்தார்.

தாளாளருடைய அப்பாவின் கடிகாரம் கீறல்கூட இல்லாமல் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் அட்டெண்டரைப் பார்த்தார்கள். அவர் மெத்தையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"உடைஞ்சது உங்க மேசையில இருந்த கண்ணாடித் தண்ணி ஜக்கும்மா" என்றார் தலைமையாசிரியையைப் பார்த்து. "காலையில கை தவறிப் போட்டுட்டேன். என்ன சொல்றதுன்னு மேல பாத்தேன், கடிகாரத்தைக் காணோம். எல்லாரும் கடிகாரம்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

காரணங்கள் பெட்டி நிரம்பியிருந்தது. விளைவுகள் பெட்டி நிரம்பி வழிந்தது. தலைமையாசிரியை முன்னே போய் நடுப்பெட்டியைத் தன் கையாலேயே அழித்தார். பிறகு கடிகாரக்காரர் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடத்துச் சாமானைச் சனிக்கிழமை சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் எப்படிக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று அதட்டினார்.

கடிகாரக்காரர் பாவம், ஒன்றும் புரியாமல் காரணம் சாரைப் பார்த்தார்.

"யாருக்கும் தெரியாமலா? சார்தானே ஏணியைப் பிடிச்சுக்கிட்டு, நான் எதைக் கழட்டுறேன்னு நிமிந்துகூடப் பாக்காம, நூறாண்டுப் போர் எதனால வந்துச்சுன்னு நான் கழட்டி முடிக்கிற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. ஏன் சார், கடைசியில அதுல யாரு ஜெயிச்சா?"