பின் சீட்டும் இரண்டு டயர்களும்

என் பிரியத்துக்கும் மரியாதைக்கும், தற்சமயம் கோபத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். தங்கள் அக்காவும் சுகம். இருவரும் சேர்ந்துதான் சுகமாக இல்லை. தங்கள் டயர்க் கடையில் வியாபாரம் பெருகவும், பிள்ளைகள் நன்றாகப் படிக்கவும் வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்துக்குத் தாங்கள் ஒரு டயர் கொடுத்தனுப்பி, "மாமா, இது ஆயுசுக்கும் தேயாது" என்று சொன்னது நினைவிருக்கும். உண்மைதான், தேயவில்லை. யாருடைய ஆயுசு என்பதை மட்டும் தாங்கள் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். போன மழையில் தங்கள் அக்காவை, அவள் டோக்கன் கொடுக்கும் வேலை பார்க்கும் கண் டாக்டரின் கிளினிக்கில் இறக்கிவிடப் போகும்போது, இஸ்திரிக்காரர் கடைத் திருப்பத்தில் பின் சக்கரம் வாலை ஆட்டியது. நான் வண்டியோடு ஒரு பக்கம் போனேன். தங்கள் அக்கா தனியாக இன்னொரு பக்கம் போய், அவர் மூட்டை பிரித்து வைத்திருந்த துணிக் குவியலின் மேல் ஏதோ அழைத்து உட்காரவைத்த மாதிரி உட்கார்ந்தாள். ஒரு சிராய்ப்பு கிடையாது. ஆனால் உருண்டோடிய சாப்பாட்டு டப்பாவைத் துரத்திப் பிடித்தவள், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "இனிமே உங்க பின்னாடி உக்காந்தா என்னை என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டாள். அன்றிலிருந்து மாடி வீட்டம்மாவின் ஸ்கூட்டரில்தான் போகிறாள். காலையில் அவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கிளம்புவதை நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். மச்சான், கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பின் சீட்டு காலியாக இருந்ததில்லை. காலி சீட்டோடு வண்டி ஓட்ட எனக்குப் பிடிக்கவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

என்ன செய்வது என்று பட்டறைக்காரரைக் கேட்டேன். அவர் வாயிலிருந்த ஸ்பேனரை எடுத்துவிட்டு, "சார், கெட்டி ரப்பர் தேயாது, ஈரத்துல வழுக்கும். மெது ரப்பர் ரோட்டை விடாது, சீக்கிரம் தேயும். ரெண்டும் வேணும்னா ரெண்டு வண்டி வாங்குங்க" என்றார். நானோ பள்ளிக்கூட ஆய்வகத்தில் தராசும் குடுவையுமாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். வாய்ப்பேச்சை நம்புவேனா? உங்கள் கெட்டி டயரில் ஒரு மாதம், அவர் தந்த மெது டயரில் ஒரு மாதம், அதே தெரு, அதே திருப்பம், அதே வேகம், தேய்மானத்துக்கு வரிப் பள்ளத்தில் தீக்குச்சியை நட்டு நகத்தால் அடையாளம் என்று திட்டம் போட்டேன். ஆனால் பின் சீட்டில் அதே பாரம் இருந்தால்தானே ஒப்பீடு ஒப்பீடாகும்? பாரம் மாடி வீட்டம்மாவோடு போய்விட்டது. ஆகவே பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து கேட்டு வாங்கி, ஒரு சாக்கில் மணல் நிரப்பி, உங்கள் அக்கா எடைக்குக் கட்டினேன். எடை என்னவென்று அவளையே கேட்கலாம்தான். உயிர்மேல் ஆசை இருக்கிறதே, குத்துமதிப்பாக எண்பது கிலோ போட்டேன். காற்று மோதுவதும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று மூட்டைக்கு அவளுடைய ஹெல்மெட்டையும் மாட்டினேன். அங்கேதான் புத்தி கொஞ்சம் கூடிப்போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலமே மாடி வீட்டம்மா இறங்கி வந்து உன் அக்காவிடம், "உங்க ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஒரு பொம்பளை உங்க வீட்டுக்காரர் பின்னாடி போறா. மேலேருந்து கூப்பிட்டேன், திமிரு, திரும்பிக்கூடப் பாக்கலை" என்று வத்தி வைத்துவிட்டாள். உன் அக்கா கரண்டியோடு வாசலுக்கு வந்து, "யாரு அவ?" என்றாள். நான் வண்டி நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போய், "இவதான்" என்று மூட்டையைக் காட்டினேன். உண்மையைச் சொன்னால் சந்தேகம் தீரும் என்று நினைத்தேன், பார். சந்தேகம் தீர்ந்தது, சண்டை பிறந்தது. "நானும் மணல் மூட்டையும் உங்களுக்கு ஒண்ணா?" என்று கேட்டாள். ஒண்ணுதான், எடையும் சரியாக எண்பது கிலோ என்று நான் விளக்கியிருக்கக் கூடாது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு மூடிவைத்த தட்டில் கிடைத்தது, பேச்சு மட்டும் கிடைக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டேன், சோதனையை நிறுத்தவில்லை. எடுத்த காரியத்தை நடுவில் விடும் பரம்பரையா நம்முடையது?

இந்தக் கடிதத்தின் ஆரம்பத்தில் இருந்த 'தாங்கள்' தேய்ந்து 'நீங்கள்' ஆகி இப்போது 'நீ' ஆகிவிட்டதைக் கவனித்திருப்பாய். அதுவும் ஒரு தேய்மானம்தான், உன் டயருக்கு மட்டும்தான் அந்தப் பழக்கம் இல்லை. முடிவைக் கேள். உன் டயர் முதல் நாள் ஒழுங்காகத் திரும்பியது. போகப் போக, மழையே இல்லாத வெயிலில், அதே இஸ்திரிக்காரர் திருப்பத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் வழுக்கியது. அவர் மடித்து அடுக்கிய சட்டைகளை நான் நாலைந்து முறை சாய்த்திருப்பேன். "சார், உங்களுக்கு என்மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டார் மனுஷன். சரி, மெது டயர் காப்பாற்றும் என்று மாற்றினால் அது அதைவிட மோசம், போன முதல் நாளே சறுக்கிக்கொண்டு போய் அவருடைய கரிப்பெட்டியில் முட்டியது. சீக்கிரம் தேயும் என்றார்களே, தீக்குச்சி வைத்துப் பார்த்தால் ஒரு மாதத்தில் நகக்கண் அளவுகூடத் தேயவில்லை! ஆக, பிடிக்க வேண்டியது பிடிக்கவில்லை, தேய வேண்டியது தேயவில்லை. டயர் விற்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஊரை ஏமாற்றுகிறீர்கள் என்பது என் ஆய்வின் முடிவு. உன் டயரை உடனே திருப்பி எடுத்துக்கொள். அதோடு உன் அக்காவுக்கு உன் கைப்பட, "அன்று விழுந்தது என் டயரின் குற்றம், மாமா ஓட்டியதில் ஒரு குற்றமும் இல்லை" என்று எழுதிப்போடு. நான் சொன்னால் நம்ப மாட்டாள். தம்பி சொன்னால் வேதவாக்கு. இதைக்கூடச் செய்யாவிட்டால் இந்த வீட்டு வாசலை மிதிக்காதே, மிதித்தாலும் வழுக்கித்தான் விழுவாய்.

மற்றபடி வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கங்கள், தங்கைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உனக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் டயரால் தனித்துவிடப்பட்ட
மாமா

பி.கு.: மேலே எழுதிய எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், மச்சான். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வண்டியை எடுக்கும்போது உங்கள் அக்கா வந்து, "இந்த மூட்டையை முதல்ல எறிங்க" என்று ஒற்றைக் கையால் தூக்கினாள். தூக்கிவிட்டாள்! சாக்கின் அடியில் விரல் நுழையும் ஓட்டை. அந்தத் திருப்பத்துக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் மூட்டை ஒரு பிடி மணலைக் கொட்டியிருக்கிறது, நான் என் மணலிலேயே வழுக்கி விழுந்திருக்கிறேன். பாரம் குறையக் குறையத் தேய்மானமும் குறைந்திருக்கும்போல. "உங்க பின்னாடி உக்காந்து மூட்டையே பாதியாயிடுச்சு" என்று உங்கள் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அப்படியானால் அன்றைக்கு மழையில் நாம் ஏன் விழுந்தோம் என்று கேட்டேன். "தம்பி குடுத்த டயர் எவ்வளவு நல்ல டயர்னு என்கிட்ட திரும்பித் திரும்பிச் சொல்லிட்டு வந்தீங்களே, ரோட்டையா பாத்தீங்க?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை, நிற்க முடியாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், உட்கார்ந்த இடம் பின் சீட்டு. நான் வாயைத் திறக்கவே இல்லை, திறந்தால் இறங்கிவிடுவாளே. பெட்ரோல் டாங்கின்மேல் காகிதத்தை வைத்து இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள், "எழுதினது போதும், கிளினிக் திறந்துடுவாங்க" என்று உங்கள் அக்கா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறாள்.