குவாரி விசிலும் என் சிறுநீரகக் கல்லும்

பாலக்காட்டு எல்லையோரம் எங்கள் கோபாலபுரம் வட்டாரத்தில் வெடிக்காரரைப் போல என் ரத்தக் கொதிப்பை ஏற்றிய மனிதர் வேறு யாரும் கிடையாது. கருங்கல் குவாரியில் பாறைக்கு வெடி வைப்பவர் அவர். அங்கேயே அலுவலகத்தில் நான். என் சிறுநீரகத்தில் பெரிய கல் இருப்பது ஸ்கேனில் தெரிந்த அன்றே, அதையும் தன் இலாகாவில் சேர்த்துக்கொண்டார்.

கூப்பிடாமலே பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தார். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்தால், இவ்வளவு பெரிய கல்லின் துண்டுகள் பாதையை அடைத்துக்கொள்ளலாம். சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய குழாயை விட்டு லேசரால் பொடித்தால் வெட்டு இல்லை, ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் மறுபடியும் செய்ய நேரலாம். முதுகில் சிறு துளை போட்டால் ரத்தப்போக்கு அபாயம் கொஞ்சம் கூடுதல், தங்குவதும் கூடுதல். பெரும்பாலும் ஒரே தடவையில் கல் காலி.

“துளையே போட்டுடுங்க” என்றேன்.

“ஓட்டை கூடாதுங்க!” வெடிக்காரர் மேசையைத் தட்டினார். “பாறையில ஓட்டை போட்டே கெழவனானவன் நானு. எனக்குத் தெரியாதுங்களா?”

“யோவ், சிறுநீரகம் யாருது?”

“உங்களுதுதானுங்க. அதனாலதான் சொல்றேன்.”

அதோடு விட்டாரா? நேராக என் வீட்டுக்குப் போய், “அம்மிணி, ஓட்டை போட உட்றாதீங்க” என்று என் மனைவியைக் கலக்கினார். அவள் அழுத அழுகையில் ஆபரேஷன் தள்ளிப்போனது. அந்த வாரமே வலியில் புழுவாய்ச் சுருண்டேன். இனி என் கண்ணில் படக்கூடாது என்று ஆள் விட்டுச் சொன்னேன்.

ஆபரேஷன் அன்று தள்ளுவண்டியில் போகிறேன், வராந்தாவில் மூன்று குட்டை விசில்! ஊதியவர் வெடிக்காரரேதான். குவாரியில் அது வெடிக்கு முந்திய எச்சரிக்கை. கேட்டதும் ஓடிவிட வேண்டும். எங்கள் இருவரைத் தவிர அங்கே குவாரி ஆட்கள் யாருமில்லை. ஆனாலும் எல்லோரும் ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் குளுக்கோஸ் கம்பத்தோடு ஒருவர் முதலாவதாக வந்தார். படுத்தபடியே கத்தினேன், எனக்குத் தெரிந்த அத்தனை வசவையும்.

டாக்டரம்மா பதறி வந்தார். “என்ன இது?”

“ஓட்டை போட்டா அடுத்து வெடிதானுங்களே! உங்க ஆளுகள ஒதுங்கச் சொல்லுங்க.”

“வெடியா? கருவியை விட்டு உள்ளேயே உடைச்சு எடுத்துடுவோம்.”

“ஓட்டைக்குள்ள வெடிமருந்தே கெட்டிக்க மாட்டீங்களா?”

“மாட்டோம்!”

வெடிக்காரர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். “இத மொதல்லயே சொல்றதுக்கென்னுங்க?” என்று என்மீதே பாய்ந்தார்.

கல் வந்துவிட்டது. வீட்டுக்கும் வந்துவிட்டேன். ஆனாலும் குவாரியில் ஆபத்து நீங்கியதும் ஊதும் நீண்ட விசிலை மட்டும் அவர் ஊதவில்லை. “மிச்சத் துண்டு கெடக்குதோ என்னமோ. பாத்துப்போட்டுத்தான்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறு ஸ்கேனில் ஒரு துணுக்கும் இல்லை. வெடிக்காரர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று, மூச்சு முட்ட ஒரே நீள விசில் ஊதினார். காவலாளி தடியோடு ஓடி வந்து, “யார் இந்த ஆள்?” என்று அதட்டினார்.

“எங்க ஊட்டு ஆளுங்க” என்றேன்.