அடைப்பரின் மோட்டார் வள்ளம்

உலகத்தில் நடக்கிற கெடுதல்கள் அத்தனைக்கும் ஒரே ஒரு காரணந்தான் என்று கண்டுபிடித்த ஞானி ஒருவர் யாழ்ப்பாணப் பட்டினத்தில், பண்ணைக் கடலுக்குக் கிட்ட, எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தார். அந்தக் காரணம் அடைப்பு. மாடு பால் சுரக்கவில்லையா, மடியில் அடைப்பு. பையன் பரீட்சையில் கோட்டை விட்டானா, காதில் அடைப்பு. கோயில் திருவிழாவில் நாயனம் பிசிறியபோது, "உந்தச் சீவாளியைக் கழட்டி ஒருக்கா ஊதிப்போட்டு வாசியும்" என்று சபை நடுவே வித்துவானுக்குப் புத்தி சொன்னவர் அவர். வித்துவான் அடுத்த வருடம் எங்கள் கோயிலுக்கு வரவில்லை. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்களுக்கு அவர் அடைப்பர்.

மலாயாவில் றெயில்வே வேலை பார்த்துப் பென்சன் எடுத்து வந்தவர். மற்றப் பென்சனியர்மார் ஊர் திரும்பும்போது பெண்சாதிக்குச் சங்கிலியும், கல்வீடு கட்டும் எண்ணமும் கொண்டு வந்தார்கள். இவர் வள்ளத்தின் பின்பக்கத்தில் பூட்டுகிற மோட்டார் ஒன்றை வைக்கோல் சுற்றிக் கொண்டு வந்து இறக்கினார். இது உலக யுத்தத்துக்கு முந்திய சங்கதி. அன்று பண்ணையில் பாலம் கிடையாது. தீவுப் பகுதிக்குப் போவதென்றால் பாய் விரித்தோ, நீண்ட கம்பு ஊன்றியோதான் போக வேண்டும். அந்தக் காலத்தில் இவர் மோட்டாருக்கென்று ஒரு வள்ளத்தையும் வாங்கிவிட்டார்.

அந்த மோட்டாரின் தலையில் பெற்றோல் தொட்டி. அதிலிருந்து பெற்றோல் தானாகவே இறங்கி, ஒரு குழாய் வழியாக, தூசி பிடிக்கிற ஒரு வடியைத் தாண்டி, கார்பரேற்றருக்குள் போகும். அந்த ஒரு முழ வழிதான் அடைப்பருடைய உலகம். எஞ்சின் நின்றால் மற்றவர்கள் எஞ்சினைத் திட்டுவார்கள். அவர் திட்டுவது வழியை. "எஞ்சின் என்ன செய்யும்? அதுக்குச் சாப்பாடு போகேல்லை. போற வழியைப் பார்" என்பார். பார்ப்பது மட்டும் போதாது, குழாயை வாயில் வைத்து ஊதுவார். பெற்றோலை நாக்கில் தொட்டுப் பார்த்து, தண்ணீர் கலந்ததா, தூசி கலந்ததா என்று தீர்ப்புச் சொல்வார். அவர் ஒழுங்கையில் வருகிறபோது அவருடைய மனைவி முன்னால் ஓடி வந்து, "இவர் வாறார், சுருட்டை அணையுங்கோ" என்று சொல்லிக்கொண்டு போவதை நானே கண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவருடைய வள்ளத்தில் நான் மாப்பிள்ளையாக ஏறினேன். அப்போது நான் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். பெண் வீடு தீவுப் பகுதியில், அல்லைப்பிட்டி. பெண்ணின் அக்காவுக்கு முன்பு பேசி நாள் குறித்த மாப்பிள்ளை, முகூர்த்த நேரம் வரைக்கும் காக்க வைத்துவிட்டு வராமலே போனவன். அந்தக் காயம் ஆறாத வீடு. அதனால் பெண்ணின் தகப்பனார் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பத்தரை மணிக்கு முன் மாப்பிள்ளை கரையில் நிற்க வேண்டும், பதினொன்றுக்கு முன் தாலி ஏற வேண்டும்.

எங்கள் ஆட்கள் கூறைச் சேலையும் தாலியுமாக விடியவே பாய் வள்ளங்களில் போய்விட்டார்கள். என்னை மட்டும் அடைப்பர் விடவில்லை. "தம்பி மோட்டர் வள்ளத்திலை போய் இறங்கினால் தீவு முழுக்கக் கதைக்கும்" என்றார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. துணைக்கு அம்மான், அதாவது என் தாயாரின் தம்பி, முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

ஏறியதும் அம்மான் வள்ளத்துக்குள் எதையோ தேடினார். "அண்ணை, கம்பு எங்கை?"

"மோட்டர் வள்ளத்துக்குக் கம்போ? கார் வைச்சிருக்கிறவன் மாட்டையும் பின்னாலை கட்டிக்கொண்டோ போறவன்?"

வெள்ளிக்கிழமைகளில் மோட்டாருக்குத் திருநீறு பூசுவது அடைப்பர் வழக்கம். அன்று கலியாணச் சவாரி. திருநீறு போதாது என்று தன் கையாலே அரைத்த சந்தனத்தைக் குழைத்து, மோட்டாரின் நெற்றி எங்கே என்று பார்த்து, தொட்டி மூடியின் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்தார். கயிற்றைச் சுற்றி ஒரே இழுவை. எஞ்சின் பிடித்துக்கொண்டது. மலாயாக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவர் பின்னால் இருந்த இருப்பைப் பார்த்தால் கவர்னர் தோற்றுப் போவார்.

கொஞ்சத் தூரம் போனதும் எஞ்சின் இருமியது, நின்றது. அடைப்பர் பதறவில்லை. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். பெற்றோல் நிறைய இருந்தது. வடியைக் கழற்றிக் கழுவிப் பூட்டி, மூடியையும் பூட்டிக் கயிற்றை இழுத்தார். ஓடியது.

"வடியிலை அடைப்பு. எடுத்தாச்சு."

அவர் சொல்லி வாய் மூடிய சற்று நேரத்தில் மறுபடியும் நின்றது. மூடியைத் திறந்து பார்த்தார், குழாயைக் கழற்றி ஊதினார், எல்லாவற்றையும் பூட்டினார். ஓடியது. "குழாயிலையும் கிடந்திருக்கு" என்றார். திரும்பவும் நின்றது. மூடியைத் திறந்து பார்த்தபின், இந்த முறை கார்பரேற்றரும் கழன்றது. நாக்கில் தொட்டுத் துப்பினார்.

"பெற்றோலிலை தண்ணி. கடைக்காரன்ரை வேலை."

"அண்ணை, மணி பத்தரை ஆகுது" என்றார் அம்மான்.

"பயப்பிடாதை. இனி நிக்காது" என்று கயிற்றை இழுத்தார். ஓடியது.

நின்றது. கரையில் மேளச் சத்தம் கேட்கிற தூரத்தில் வந்து நின்றது. இனிக் கழற்றுவதற்கு மோட்டாரில் ஒன்றும் மிச்சமில்லை. கரையில் ஆட்கள் எழுந்து நின்று எங்கள் பக்கம் பார்ப்பது தெரிந்தது. மேளமும் ஓய்ந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண்ணை நான் ஒருமுறைதான் பார்த்திருந்தேன். அவள் இந்நேரம் என்ன நினைப்பாள் என்பதைத் தவிர வேறொன்றும் மனத்தில் ஓடவில்லை.

அடைப்பர் கோட்டோடு கடலில் குதித்தார். பரவைக்கடல், ஆழம் குறைவு. நெஞ்சளவு தண்ணீரில் நின்று வள்ளத்தைத் தள்ளினார். வயசான மனிதர். சிறிது தூரத்தில் மூச்சு வாங்கி, நாங்கள் கை கொடுக்க ஏறி விழுந்தார். பிறகு மோட்டாரைப் பார்த்துக் கும்பிட்டார். எல்லா வழியும் அடைபட்ட பிறகு கடவுள்தானே. மூடியில் காய்ந்து கல்லாகிக் கிடந்த சந்தனத்தைத் தன் நெற்றிக்கு வைப்பதற்காக நகத்தால் சுரண்டினார்.

"புஸ்" என்று ஒரு சத்தம்.

அந்த மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் இருந்தது. பெற்றோல் கீழே இறங்க இறங்க, அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். ஒற்றைக் கண்ணை மட்டும் குத்திக் கவிழ்த்த தேங்காயிலிருந்து தண்ணீர் வருமா? அப்படித்தான். மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்றுப் புகுந்தது, எஞ்சின் ஓடியது. பழி மட்டும் வடிக்கும் குழாய்க்கும் போனது.

அம்மான் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் அடைப்பர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுரண்டிய சந்தனத் துண்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு துவாரத்தைத் துடைத்தார், கயிற்றை இழுத்தார். எஞ்சின் நிற்காமல் ஓடியது.

கரையில் பெண்ணின் தகப்பனார் முன்னால் நின்றார். கால் கழுவச் செம்பு கொண்டு வந்த பையனைக் கையால் மறித்தார்.

"மற்ற வள்ளமெல்லாம் எப்பவோ வந்திட்டுது. மாப்பிள்ளைக்கு மனமில்லை எண்டால் இப்பவே சொல்லுங்கோ. என்ரை பிள்ளையை மணவறையிலை இருத்திப்போட்டு எழுப்பேலாது."

"சீச்சீ, கடையிலை தந்த பெற்றோல் சரியில்லை" என்று அம்மான் தொடங்கினார். நம்பும்படியாகத்தான் சொன்னார். ஆனால் பெண்ணின் தகப்பனார் முகம் இளகவில்லை. முன்பு வராமல் போன மாப்பிள்ளையின் வீட்டாரும் பிறகு வந்து நம்பும்படியாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

அடைப்பர் எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பெற்றோலிலை பிழையில்லை. எஞ்சினிலும் பிழையில்லை. பிழை என்ரை. காத்துப் போற துவாரத்துக்கு மேலை நான்தான் சந்தனத்தை அப்பினனான். நான் வைச்ச அடைப்பை நானே தேடிக்கொண்டு இருந்திருக்கிறன்." என்னைக் காட்டி, "தம்பி வழி முழுக்க உங்கடை கரையைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவர்" என்றார்.

பெண்ணின் தகப்பனார் அவருடைய நெற்றியில் ஒட்டியிருந்த அந்தச் சந்தனத் துண்டைப் பார்த்தார். பிறகு பையனிடம், "தம்பியின்ரை காலைக் கழுவு, கெதியா" என்றார். பதினொன்றுக்குக் கொஞ்சம் இருக்கும்போது தாலி கட்டினேன்.

அந்த ஒரு வார்த்தைக்காக அடைப்பர் பட்ட பாடு கொஞ்சமல்ல. சந்தியில், கடையில், கோயில் வீதியில் எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்படி ஆகும் என்று அவருக்கு அந்தக் கரையிலேயே தெரியும். கடைக்காரனுடைய தலையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். வாழ்நாளில் ஒருபோதும் தன் பிழை என்று சொல்லாத மனிதர், அதை எனக்காகச் சொன்னார்.

அடுத்த வருடம் எங்கள் மூத்த பிள்ளைக்கு முதல் சோறு தீத்தினோம். பிள்ளையை ஆர் மடியில் இருத்துவது என்று பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி ஒருவரையும் கேட்கவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அடைப்பர் மடியில் இருத்தினாள்.