பத்து மணி டாக்டர்

"மறுபடியும் மாத்திட்டான்யா!"

காலை எட்டு மணிக்கு வீட்டிலிருந்தே பெரிய டாக்டர் போனில் கத்தியபோது, ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்காரருக்கு வாயிலிருந்த டீ இறங்கவில்லை.

இணையதளத்தில் பெரிய டாக்டர் வரும் நேரம் பத்து மணி என்று இருக்க வேண்டும். பதினொன்றரை என்று இருந்தது. இது மூன்றாவது முறை.

"எவனோ உள்ள பூந்திருக்கான். இன்னைக்கு அவனை அடைக்கலேன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

சர்வரைத் திறந்து பார்த்தார். எப்போதோ ஓர் அவசரத்துக்கு எல்லாவற்றுக்கும் ஏழு ஏழு ஏழு என்று அனுமதி கொடுத்து மறந்திருந்தார். லாகின் உள்ள ஊழியர் யாரும் எதையும் எழுதலாம், அழிக்கலாம். செய்த புண்ணியவான் அவரேதான்.

நேரத்தைப் பத்து என்று திருத்தினார். ஒரே கட்டளையில் அத்தனையையும் ஆறு நாலு நாலு ஆக்கினார்: அவர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்தான். ஃபைலுக்கு அது சரி. ஃபோல்டருக்கு உள்ளே நுழையவே தனி அனுமதி வேண்டும். அதையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார். தளம் படுத்துவிட்டது.

"சார், அனுமதி இல்லைன்னு வருதாம். ஆஸ்பத்திரியை மூடிட்டாங்களான்னு கேக்கறாங்க!" என்றாள் ரிசப்ஷன் பெண்.

ஃபோல்டர்களுக்கு மட்டும் எல்லாரும் உள்ளே நுழையும்படி ஏழு ஐந்து ஐந்து கொடுத்தார். தளம் எழுந்தது. ஆனால் முன்பதிவு ஏறவில்லை. அதைப் பதிந்து வைக்கும் வெப் சர்வர் மென்பொருளுக்கும் கதவைச் சாத்தியிருந்தார்.

"சார், புக்கிங் ஆகலைன்னு எல்லாரும் நேர்லயே கிளம்பி வர்றாங்க!"

முன்பதிவு ஃபோல்டரை மட்டும் வெப் சர்வரின் பெயருக்கு மாற்றினார். எல்லாம் சரியானது. இனி ஈ எறும்பு நுழையாது. பெருமூச்சு விடுவதற்குள் மறுபடியும் போன்.

"சார், கீழ வாங்க. கதவை உடைச்சிடுவாங்க போலிருக்கு!"

கீழே கால் வைக்க இடமில்லை. மணி பதினொன்று. பெரிய டாக்டரின் அறை பூட்டியே கிடந்தது.

"பத்து மணின்னு போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?" என்று ஒருவர் செல்போனைக் கம்ப்யூட்டர்காரரின் மூக்குக்கு நேரே நீட்டினார். இன்னொருவர் சட்டையைப் பிடித்தார். வேலை போனது போனதுதான், உயிராவது மிஞ்சுமா என்று நின்றவரை, டோக்கன் கொடுக்கும் அக்கா கூட்டத்திலிருந்து இழுத்து ஓரமாக நிறுத்தினாள்.

"ஏன் தம்பி, டாக்டர் நெஜமா வர்ற நேரத்தைத்தானே நான் மூணு தடவையும் போட்டேன், அதை எதுக்கு மாத்திட்டே இருக்கீங்க?"