செருப்பு வீரன் எப்போது துடைப்பம் எடுத்தான்?

"குரு இடைவேளைக்கு முன்னாடியே செத்துப் போயிடறாரே சார்!" என்று போனில் சம்பத்குமாரன் சொன்னதும், ஸ்ரீநிவாசராகவனின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த காபி டம்ளர் பாதி வழியில் நின்றது.

"இல்லையே. கடைசி சீன்லன்னா சாகறார்?"

"கடைசி சீன்ல சாகறது வில்லன் சார். கழுகு மூக்கன்."

"கழுகு மூக்கன் முதல் பாதியிலேயே போய்ச் சேர்ந்துடறான். அப்புறம் வர்றது அவனோட தம்பி. ரெட்டைப் பிள்ளைகள்."

"தம்பியா? அவனுக்கு ஏது சார் தம்பி?"

ஸ்ரீநிவாசராகவன் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தார். அவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

முப்பத்துநாலு வருஷம் ஆடிட்டில் குப்பை கொட்டியவர் அவர். வாங்காத நாற்காலிக்கு பில், போகாத ஊருக்குப் பயணப்படி என்று எத்தனை பார்த்திருப்பார்! ஓய்வு பெற்று சிட்லபாக்கத்தில் உட்கார்ந்த பிறகும் பழக்கம் விடவில்லை. பால்காரர் மேல் சந்தேகம், தண்ணீர் கேன் மூடி மேல் சந்தேகம், வானிலை அறிக்கை மேல் பெரும் சந்தேகம். இந்த உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஜீவன் அவர் மனைவி சுந்தரவல்லிதான்.

இப்போது சந்தேகம் சம்பந்தியாகப் போகிறவர் மேல். ஞாயிற்றுக்கிழமை சேலையூர் கேம்ப் ரோடில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. சம்பத்குமாரனின் பிள்ளை ஹர்ஷாவுக்கும் இவர் பெண் சின்மயிக்கும் நிச்சயதார்த்தம். பெண் பார்க்க வந்த அன்றே இரண்டு அப்பாக்களும் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். காரணம் ஜாதகம் இல்லை, குங்ஃபூ. இருவரும் பழைய சீனத்துச் சண்டைப் படப் பைத்தியங்கள். வாரம் ஒரு படம், அவரவர் வீட்டில் பார்ப்பது, திங்கட்கிழமை காலையில் போனில் அபிப்ராயம் பரிமாறுவது என்று நாலு வாரமாக அமோகமாக நடந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது வாரத்துக்கு ஸ்ரீநிவாசராகவன்தான் படத்தைச் சொன்னார். தமிழில் பேசும் 'ஒற்றைச் செருப்பு வீரன்'. அது அவருக்கு வெறும் படம் இல்லை, வேதம்.

கதை இதுதான். ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்ட வீரன் மணிக்கூண்டின் உச்சியில் கழுகு மூக்கனோடு மோதி, அவனை உதைத்துக் கீழே தள்ளுகிறான். உடனே 'முற்றும்' என்று திரையில் வருகிறது. படம் முடிந்துவிட்டது என்று எழுந்தால் ஏமாந்தோம்! அதற்கப்புறம்தான் நடிகர்கள் பெயரே வரும். அவ்வளவு பெரிய வெற்றி பெற்ற வீரன், ஒரு மலை மடத்துக்குப் போய் குருவின் காலில் விழுகிறான். நாலு வருஷம் முற்றம் பெருக்குகிறான், தண்ணீர் தூக்குகிறான், பாத்திரம் தேய்க்கிறான். கடைசியில் வில்லனின் தம்பி வைத்த விஷத்தைக் குடித்த குரு, தன் ஒற்றைச் செருப்பைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுகிறார்.

"ஜெயிச்சப்புறம் துடைப்பம் எடுக்கறான் பாருங்கோ, அங்கேதான் அந்த டைரக்டர் நிக்கறான்!" என்று யார் கிடைத்தாலும் பிடித்துவைத்துச் சொல்வார்.

சொல்வதோடு நிற்கிற மனுஷரும் இல்லை. வேலையில் இருந்த நாள் வரைக்கும் தான் குடித்த டம்ளரைத் தான் நகர்த்தி அறியாதவர், ஓய்வு பெற்ற நாலாம் மாதம் பேட்டை கேபிள்காரன் மாரியின் சேனலில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் துடைப்பத்தைக் கையில் எடுத்தார். மூன்று வருஷமாக வாசல் பெருக்குவது அவர்தான். தண்ணீர் கேன் தூக்குவது, ராத்திரிப் பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அவர்தான். நடுவில் முழங்கால் வலி, சலிப்பு என்று இரண்டு நாள் ஓய்ந்து உட்கார்ந்தால், எப்படியோ அந்த வாரமே மாரியின் சேனலில் அந்தப் படம் வந்துவிடும். எல்லாம் பெருமாள் சங்கல்பம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட படத்தைப் பார்க்காமலே பார்த்தேன் என்று ஒரு மனுஷன் புளுகலாமா?

"படம் பார்த்தேன்னு பொய் சொல்றவர், பிள்ளையோட சம்பளத்துல பொய் சொல்ல மாட்டார்னு என்ன நிச்சயம்?" என்றார் சுந்தரவல்லியிடம்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த சுந்தரவல்லியின் கை ஒரு கணம் நின்றது. "போனா போறது, ஒரு சினிமா. விட்டுடுங்கோளேன்."

"விடறதா? ஒரு கையெழுத்துக்காக மூணு ஜில்லா அலைஞ்சவன்டி நான்!"

செவ்வாய்க்கிழமை, நிச்சயதார்த்தத்துக்காக ஆரம்பித்த வாட்ஸப் குழுவில், இருபத்தாறு உறவினர்கள் பார்க்க, ஐந்து கேள்விகள் போட்டார். குரு சாவது எப்போது? வீரன் முற்றம் பெருக்கியது வெற்றிக்கு முன்பா பின்பா? தம்பி வில்லன் விஷம் வைத்தது எந்தப் பாத்திரத்தில்? இப்படி.

சம்பத்குமாரன் பத்தே நிமிஷத்தில் பதில் எழுதினார். இவர் கணக்குப்படி ஐந்தும் தப்பு. 'தம்பி' கேள்விக்கு மட்டும், "சார், உடம்பு சௌக்கியம்தானே?" என்று எழுதியிருந்தார். நியூஜெர்ஸியிலிருந்து ஓர் அத்தை எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிடும் பொம்மை போட்டாள்.

அன்று மத்தியானமே சம்பந்தி மாமியிடமிருந்து சுந்தரவல்லிக்குப் போன் வந்தது. மண்டபம், மாலை எல்லாம் பேசிவிட்டு மாமி மெதுவாக ஆரம்பித்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ மாமி. மாமா வாக்கிங் போனா, தானாவே ஆத்துக்குத் திரும்பி வந்துடறாரோ?"

விஷயம் தெரிந்ததும் ஸ்ரீநிவாசராகவன் குதித்தார். "பாத்தியா! தப்புப் பண்றவன்தான் கேள்வி கேக்கறவனைப் பைத்தியம்னு சொல்லுவான். நானும் சாட்சியோட வரேன்."

சாட்சி, ஏரிக்கரை நடைத் தோழர் லாசரஸ். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், அடுத்த தெரு, அதே கேபிள். அதே படத்தை ஆறு தடவை பார்த்தவர். புதன்கிழமை காலை, ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து சம்பத்குமாரனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்கள்.

"சத்தியமா சொல்றேன் சார், குரு கடைசிலதான் சாகறாரு. நான் கர்ச்சீப்பே நனைச்சிட்டேன்" என்றார் லாசரஸ்.

"அப்ப அந்தச் செருப்பு?" என்றது சம்பத்குமாரனின் குரல். "குரு சாகறச்சேதான் கொடுக்கறார்னா, அதுக்கு முன்னாடி மணிக்கூண்டுல வீரன் அதைப் போட்டுண்டு எப்படி சார் சண்டை போட்டான்?"

லாசரஸ் அசரவில்லை. "அதான் சார் விதி! கெடைக்கப் போற செருப்பு, முன்னாடியே கால்ல வந்திருச்சு. டைரக்டர் சாதாரண ஆளா?"

மறுமுனையில் டக்கென்று போன் வைக்கப்பட்டது.

"வாயடைச்சுட்டேள் லாசரஸ்!" என்று ஸ்ரீநிவாசராகவன் முதுகில் தட்டினார்.

அன்று சாயங்காலம் சின்மயி ஆபீஸிலிருந்து கண் சிவந்து வந்தாள். பையைச் சோபாவில் எறிந்தாள்.

"அப்பா, ஹர்ஷாவோட அப்பா கேக்கச் சொன்னாராம். லாசரஸ் அங்கிளும் நீயும் ஒரே டாக்டர்கிட்டதான் காட்டறேளான்னு."

"என்ன திமிர்!"

"நிச்சயதார்த்தத்தை ஒரு மாசம் தள்ளிப் போடலாமான்னும் யோசிக்கறாராம். ஏம்பா, ஒரு சைனாக்காரன் எப்ப செத்தான்கிறதுக்காக என் கல்யாணம் நிக்கணுமா?"

பெண் அழுததும் ஸ்ரீநிவாசராகவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். ஆனால் இப்போது பின்வாங்கினால் மூளை கலங்கியது உண்மை என்றல்லவா ஆகிவிடும்? ஒரே வழிதான் இருந்தது. சம்பத்குமாரனையே கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, படத்தை ஆதியோடந்தமாகக் காட்டிவிடுவது.

"சனிக்கிழமை மூணு மணிக்கு அவாளை வரச் சொல்லியிருக்கேன். மாரியை அந்தப் படத்தைப் போடச் சொல்லப் போறேன்."

சுந்தரவல்லியின் முகம் வெளிறியது. "வேண்டாம்னா. சனிக்கிழமை கரண்ட் போயிடும்னு பேசிண்டா."

"யார் பேசிண்டா?"

"பேசிண்டா."

"போனா இன்வெர்ட்டர் இருக்கு." பாவம், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் புருஷன் ஜெயிக்க வேண்டுமே என்று கவலைப்படுகிறாள் என்று அவருக்கு மனசு நெகிழ்ந்தது. அன்று பாத்திரத்தை இரண்டு தடவை தேய்த்தார்.

இரண்டாவது மெயின் ரோடில் மாரியின் கேபிள் ஆபீஸ். மாரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"செருப்புப் படமா? போட்டுட்லாம் சார்" என்றவன், டீயைக் கீழே வைத்துவிட்டு ஒரு தினுசாகப் பார்த்தான். "எப்பவும் எப்டி போட்றனோ, அப்டியேவா சார்?"

"வேற எப்படிப் போடுவே? அப்படியேதான் போடணும். ஒரு சீன் வெட்டக் கூடாது."

"இன்னாமோ சார், நீங்க சொல்லிட்டீங்க, அப்பால என்னியக் கேக்கக் கூடாது."

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஹால் நிறைந்தது. சம்பத்குமாரன், அவர் மனைவி, ஹர்ஷா, சின்மயி, சாட்சி லாசரஸ். சொஜ்ஜி, பஜ்ஜி பரிமாறப்பட்டன. சின்மயி யார் முகத்தையும் பார்க்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சம்பத்குமாரன் இவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரைப் பார்க்கிற மாதிரி பரிதாபமாகப் பார்த்தார். இவர் அவரை, திருத்தப்பட்ட வவுச்சரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். சுந்தரவல்லி சமையலறையை விட்டு வரவே இல்லை.

சம்பந்தி மாமி மட்டும், பளபளவென்றிருந்த வாசலைப் பார்த்துவிட்டு, "மாமாவே பெருக்கறாராமே! எங்காத்துல இவர் பேப்பரைக்கூட மடிச்சு வைக்க மாட்டார்" என்று பெருமூச்சு விட்டாள்.

படம் ஆரம்பித்தது. மணிக்கூண்டு. ஒற்றைச் செருப்பு.

சம்பத்குமாரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது இடைவேளைக்கு அப்புறம்னா வரணும்?"

"பாருங்கோ, பாருங்கோ" என்றார் ஸ்ரீநிவாசராகவன் மிதப்பாக.

கழுகு மூக்கன் விழுந்தான். 'முற்றும்' வந்தது. அடுத்த நொடி, தடபுடலாக மேளம் அடித்து, 'ஒற்றைச் செருப்பு வீரன்' என்று பெயர் வந்தது.

"இங்கேதான் சார் டைரக்டர் நிக்கறான்!"

சம்பத்குமாரன் திரையைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். பிறகு பஜ்ஜித் தட்டு மடியிலிருந்து சரிய, தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார்.

"ஓய்! படம் தலைகீழா ஓடறது ஓய்! ரெண்டாவது பாதியை முதல்ல போட்டுட்டு, முதல் பாதியைப் பின்னாடி போடறான் உம்ம கேபிள்காரன்!"

ஹர்ஷா போனில் சரியான படத்தை எடுத்து ஓட்டிக் காட்டினான். முதலில் பெயர். பிறகு ஒன்றும் தெரியாத பயல் ஒருவன் மடத்தில் முற்றம் பெருக்குகிறான். வித்தை கற்கிறான். குரு சாகிறார். செருப்பு. மணிக்கூண்டு. முற்றும். தம்பியும் இல்லை, விதியும் இல்லை.

லாசரஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "ஆறு தடவை அழுதேனே சார்" என்றார்.

"ஸ்ரீநிவாசராகவன் சார், என்னை மன்னிச்சுடுங்கோ. உங்களுக்கு மறதி வியாதின்னே முடிவு கட்டிட்டேன்" என்று சம்பத்குமாரன் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு நிச்சயதார்த்தம் ஜாம்ஜாம்னு நடக்கும்."

"நான் உங்களைப் பொய்யர்னே எழுதிட்டேன் சார், மனசுல" என்றார் இவர். சின்மயி ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். லாசரஸ் மறுபடி கர்ச்சீப்பை எடுத்தார்.

எல்லாம் சுபம்தான். ஆனால் ஸ்ரீநிவாசராகவனின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. வாசலில் சாத்தியிருந்த துடைப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் தெரியாத பயல் பெருக்குவதில் என்ன தத்துவம் இருக்கிறது? வேலைக்குச் சேர்ந்த புதுசில் எல்லாரும்தான் பெருக்குவார்கள். மூன்று வருஷம்! வெயில், மழை, முழங்கால் வலி எதையும் பார்க்காமல் மூன்று வருஷம்!

உடனே போன் போட்டு மாரியை வரவழைத்தார். மாரி வாசலில் செருப்பை விட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அறிவிருக்காடா உனக்கு? ஒரு தடவை தப்பாப் போட்டா கை தவறிடுத்துன்னு விடலாம். மூணு வருஷமா, ஒவ்வொரு தடவையும் தலைகீழாவே போடுவியா?" என்று வீடு அதிரக் கத்தினார்.

சமையலறையில் கரண்டி ஒன்று ணங்கென்று கீழே விழுந்தது. மாரி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான்:

"நான் தப்பா போட்டது மொதோ தபா மட்டும்தான் சார். அப்பால நீங்க தொடப்பத்தக் கீழ வெச்சப்பல்லாம், 'அந்தப் படத்த அதே தலகீழா இன்னொரு தபா போடு மாரி'ன்னு அம்மாதான் போன் பண்ணிக்கினே கீறாங்க."