எலி டாக்டரின் பத்து ஊர்கள்

சித்தூர் ஜில்லாவில் எலியை 'வாங்க' என்று கூப்பிட்ட ஒரே மனிதர் எலி டாக்டர்தான். கடித்தாலும் 'ஏங்க' என்பார்.

அவர் ஊசி போடும் டாக்டர் இல்லை. எலிக்காய்ச்சலை ஆராய்ச்சி செய்தவர். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு வரும் காய்ச்சல் அது. சித்தூரில் ஒரு அறை, ஒரு மைக்ராஸ்கோப், ஓடாத ஒரு ஃப்ரிட்ஜ். அதுதான் ஆய்வுக்கூடம். எலி பிடித்துக் கொடுப்பது என் வேலை. நான் ஐந்தாவது வரை படித்தவன்.

ஒரு தடவை கூண்டுகளோடு பஸ் ஏறினோம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் வாங்கச் சொன்னார். இவர்கள் லக்கேஜ் இல்லை, பேஷன்ட் என்றார் டாக்டர். பேஷன்ட் என்றால் ஆளுக்கு ஒரு டிக்கெட் என்று கண்டக்டர் தெலுங்கில் சொன்னார். டாக்டர் கூண்டுக்குள் எண்ணிப் பார்த்தார். லக்கேஜ் டிக்கெட்டே வாங்கினார்.

ஊர்ப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போய்க்கொண்டிருந்த காலம் அது. டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது. உங்கள் பிள்ளை எங்கே என்று ஒருவர் டாக்டரைக் கேட்டார். டாக்டருக்குப் பிள்ளை இல்லை.

"நம்ம எலிங்கோ பிரேசில் வரைக்கும் போய்க்கினு இருக்குது" என்றார்.

பொய் இல்லை. பத்து ஊர் எலிகளைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் கட்டுரைகளில் அதை எடுத்துச் சொன்னார்கள். எத்தனை பேர் சொல்கிறார்களோ அத்தனை மதிப்பு. சுவரில் உலக மேப் மாட்டி, சொன்னவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குண்டூசி குத்துவார். ஜப்பான்காரருக்குக் குத்தியது தவறிக் கடலில் விழுந்தது. பிடுங்கவில்லை. கப்பலில் போகும்போது எழுதியிருப்பார் என்றார்.

அந்தக் கட்டுரையால் திருப்பதியில் ஒரு கல்லூரியிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். பேராசிரியர் வேலை. பெரிய ஆய்வுக்கூடம். ஓடுகிற ஃப்ரிட்ஜ். பதினைந்து வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

இன்டர்வியூவுக்கு முதல் நாள் சந்தோஷத்தில் எனக்கும் விளக்கினார். பத்து ஊர், பத்து விதமான தண்ணீர், ஆனாலும் எலிக்குள் இருக்கும் கிருமி ஒன்றேதான். அதைப் பார்த்துத்தான் உலகமே ஆச்சரியப்படுகிறது என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இல்லை. அதுவரை எலி என்றால் எலி, எந்த ஊராக இருந்தால் என்ன என்றுதான் நினைத்திருந்தேன்.

"சார், அது பத்து ஊரு இல்ல."

"எத்தினி ஊரு?"

"ஒண்ணு. கங்காதர நெல்லூர்ல எங்க மச்சான் கரும்புத் தோட்டம். அங்கதான் நெறைய கெடைச்சிது. கூண்டுல கட்டுற சீட்டுல ஊரு பேர மட்டும் மாத்தி மாத்தி எழுதிட்டேன்."

டாக்டர் மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நகரின்னு எழுதின எலி கூடவா? அது கொஞ்சம் கருப்பா, வேற மாதிரி இருந்துச்சே."

"அது மோட்டார் ரூம்ல புட்ச்சது சார்."

அவர் சும்மா இருந்திருக்கலாம். எலிகள் சாட்சி சொல்ல வரப்போவதில்லை. மறுநாள் ஃபைல் தூக்கிக்கொண்டு நானும் திருப்பதி போனேன். பத்தே நிமிஷத்தில் வெளியே வந்தார். கட்டுரை தப்பு என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டாராம். நேராகத் தபாலாபீஸ் போய், கட்டுரையை வாபஸ் வாங்கும் கடிதத்தை அனுப்பினார். தப்பு யாருடையது என்று எழுதினீர்கள் என்று கேட்டேன். சரிபார்க்காதவன் நான்தானே என்றார்.

பிற்பாடு வேடிக்கை நடந்தது. கட்டுரையைவிட அந்தக் கடிதத்தைத்தான் நிறையப் பேர் எடுத்துச் சொன்னார்கள். எலியை எப்படிச் சேகரிக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாம். டாக்டர் அவற்றுக்கும் குண்டூசி குத்தினார். ஒன்றையும் விடவில்லை.

இன்டர்வியூ முடிந்து வந்த அன்றே என் வேலை போய்விட்டது என்று நினைத்து வீட்டில் இருந்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் காலிக் கூண்டுகளோடு மொபெட்டில் வந்து நின்றார்.

"கெளம்புபா. இன்னிக்கு புத்தூரு."

என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, கூண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். சாயங்காலம் வரைக்கும் சுற்றி இரண்டு எலி கிடைத்தது. திரும்பும்போது, வேறு நல்ல ஆளாகப் பார்த்துக்கொள்ளலாமே என்றேன்.

"வேற ஆளுன்னா எங்கிட்ட சொல்லியிருக்க மாட்டான்" என்றார்.

பத்து ஊரும் சுற்றி முடிக்க இரண்டு வருஷம் ஆனது. என் ஆயுசில் நான் அதிகம் பேசியது அந்த மொபெட்டில்தான்.