மூத்த ராணி தூங்கிய வாசல்

மலையில் பிறந்தவர்கள் எல்லாரும் ஆடு மாதிரி தாவி ஏறுவார்கள் என்று கீழே இருப்பவர்கள் நம்புகிறார்கள். ஏற்காட்டுக்காரர்களான நாங்கள் அந்த நம்பிக்கையைக் கெடுப்பதே இல்லை. உண்மையில் நாகலூரில் இருந்த என் வீட்டிலிருந்து, ஒண்டிக்கடைப் பகுதியில் நான் வேலை பார்த்த லாட்ஜுக்கு பஸ்ஸில் போவேன், பஸ்ஸில் வருவேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் யாராவது பைக்கில் கொண்டுபோய் விட்டால் தேவலை என்று நினைக்கிற ஆள் நான்.

இருபத்தொன்பது வயதில் சங்ககிரியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் நித்யா. செல்போனில் வந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தே சார்ஜைத் தீர்த்தேன். அவ்வளவு பிடித்திருந்தது. அவள் அப்பா லாரிப் பட்டறை வைத்திருந்தார். இரண்டு வீட்டாரும் கோட்டை மலைக்கு ஏறி, உச்சியில் இருக்கும் பெருமாளைக் கும்பிட்ட பிறகுதான் சம்மதம் சொல்வது அவர்கள் வீட்டு வழக்கம்.

"அதுக்கென்னங்க?" என்றார் என் தாய்மாமா. "எங்க பையன் மலையிலயே பொறந்து வளந்தவனுங்க. உங்க கோட்டையெல்லாம் அவனுக்கு ஊட்டு வாசப்படியாட்டமுங்க."

போதாக்குறைக்கு நான் வேறு, "கோட்டை வரலாறு பூராவும் எனக்கு அத்துப்படிங்க" என்று சொல்லி வைத்தேன். (பஸ்ஸில் வரும்போது கால் மணி நேரம் படித்தது.)

சித்திரை வெயில். முதல் வாசலிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் வாசலில் காது அடைத்தது. நித்யாவின் அப்பாவோ தேங்காய் பழத் தட்டோடு பட்டறைக்குள் நடமாடுவதுபோல ஏறிக்கொண்டிருந்தார். முடியவில்லை என்றால் மானம் போகும். வரலாறு சொன்னால் நிற்கலாம். ஆகவே மூன்றாம் வாசலில் கையை உயர்த்தி, "இங்கதான் எதிரிப்படை ஆறு மாசம் மேல ஏற முடியாம கெடந்துச்சுங்க" என்றேன். அந்தப் படையின் கஷ்டம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

படித்தது அதோடு தீர்ந்துவிட்டது. நான்காம் வாசலில் ஒரு ராணியைத் தூங்க வைத்தேன். ஐந்தாம் வாசலிலும் தூங்க வைத்தேன்.

நித்யா என்னையே பார்த்தாள். "ஏனுங்க, போன வாசல்லதான ராணி தூங்குனாங்கன்னு சொன்னீங்க?"

"அது மூத்த ராணிங்க."

ஆறாம் வாசலில் கண் இருட்டியது. படியில் சரிந்தேன். காலையில் அவர்கள் வீட்டில் சாப்பிட்ட இட்லி அத்தனையும் கோட்டைச் சுவரோரம் வெளியே வந்தது. (மாமாவின் புதுச் செருப்பும் தப்பவில்லை.)

நித்யாவின் அப்பா என் தலையில் தண்ணீர் ஊற்றினார். "மாப்பள, வருசா வருசம் புரட்டாசி சனிக்கெழம நான் ஏர்ற மலைங்க இது. ராணி தூங்குன கதைய இன்னைக்குத்தானுங்க கேக்கறேன்" என்றார், ரொம்ப மரியாதையாக.

என்னையும் மாமாவையும் அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே போனார்கள். மாப்பிள்ளை இல்லாமலே பூஜை முடிந்தது. இறங்கி வந்த நித்யா என் கையில் துளசியை வைத்தாள்.

"முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் உக்காந்திருப்பனுங்களே. எனக்கும் மூணாவது வாசல்லயே காலு வலிச்சுதுங்க."

செத்துவிடலாம் போல இருந்தது. இரண்டாம் நாள் மாமாவுக்கு போன் வந்தது. வேண்டாம் என்றது அப்பா இல்லை, நித்யாதான். பல மாதங்கள் வரை அந்த போட்டோவை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது என் மனைவி, எங்கள் மலையிலேயே இருக்கும் தலைச்சோலை ஊர்க்காரி. கல்யாணப் பந்தியிலேயே மாமா அவளிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டார். அவள் ஊர் மேட்டில் ஏறும்போது நான் கொஞ்சம் நின்றால் போதும், மேலேயிருந்து குரல் வரும்: "ஏனுங்க, வரலாறுங்களா, மூச்சுங்களா?"

மூச்சுதான் என்று உடனே ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். சிரித்துக்கொண்டே இறங்கி வந்து அவளும் பக்கத்தில் உட்காருவாள். நித்யாவும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றும். அதை மட்டும் சொல்வதில்லை.